கதண்டு என்று நான் சொன்ன பூச்சி

எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு புல்கூட முளைக்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். காரணம் பாம்பு பயம். விருத்தாசலத்தில் நாங்கள் இருப்பது ஊருக்கு வெளியே மனை பிரித்துப் போட்ட ஒரு தெரு. பாதி மனைகளில் வீடு, மீதியில் கருவேல முள். மழை பெய்தால் புல் முழங்காலுக்கு வளர்ந்துவிடும். புல் இருந்தால் எலி வரும், எலி வந்தால் பாம்பு வரும் என்று எனக்குள் ஒரு கணக்கு ஓடும். அதனால் நான் வேலை செய்யும் பீங்கான் கம்பெனியில் கழித்துக் கொட்டியிருந்த மண்ணை ஒரு டிராக்டரில் ஏற்றி வந்து, செம்மண்ணோடு கலந்து, கொல்லை முழுக்கப் பரப்பினேன். தண்ணீர் தெளித்துத் திமிசுக்கட்டையால் இடித்தேன். காய்ந்தபின் தரை வழவழவென்று இருந்தது. தினமும் காலையில் அதைப் பெருக்கிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்று ரசிப்பேன். பாம்புக்கு இங்கே இடமில்லை என்கிற திருப்தி. வேறு யாருக்கோ சகல வசதியோடு இடம் தயார் செய்திருக்கிறேன் என்பது அப்போது தெரியவில்லை.

நான் பயந்த சுபாவம் உள்ளவன்தான். ஆனால் அதற்கு முன்ஜாக்கிரதை என்று பெயர் வைத்திருக்கிறேன். என் உத்தியோகமும் அதற்கு ஒத்தாசை. சூளையிலிருந்து வெந்து வரும் ஃபியூஸ் கட்டைகளைத் தட்டிப் பார்த்து, விரிசல் விட்டதைக் கழிப்பது என் வேலை. வருஷக்கணக்காக இதையே செய்ததில், எதைப் பார்த்தாலும் முதலில் இதில் என்ன கோளாறு என்று தேடும் புத்தி வந்துவிட்டது. என் மனைவி இதைச் சுருக்கமாகச் சொல்வாள்: "நல்லதா ஒண்ணுமே உங்க கண்ணுல படாதா?"

கழிப்பறையைக் கொல்லைக் கோடியில் கட்டியதும் என் முன்ஜாக்கிரதைதான். வீட்டுக்குள் கட்டினால் சுகாதாரம் கெட்டுவிடும் என்று அவளோடு வாதாடி ஜெயித்தேன். பின்வாசலுக்கும் கழிப்பறையின் தகரக் கதவுக்கும் நடுவில் என் வழவழப்பான தரை.

பொங்கல் முடிந்து சில நாளில் அந்தத் தரையில் ஓட்டைகள் தெரிந்தன. பென்சில் நுழைகிற அளவு. ஒவ்வொன்றின் வாயைச் சுற்றியும் சலித்து வைத்த மாவு போல மண் குவிந்திருந்தது. எறும்பு என்று நினைத்து எறும்பு மருந்து வாங்கி வந்தேன். மருந்தும் கையுமாகக் குனிந்தபோது ஓர் ஓட்டையிலிருந்து ஒரு முகம் எட்டிப் பார்த்தது. பெரிய கண். அடுத்த நிமிஷம் அது ரீங்காரத்தோடு என் காதை ஒட்டிப் பறந்தது. நான் மருந்து டப்பாவைப் போட்டுவிட்டுச் சமையலறைக்குள் ஓடிக் கதவைத் தாழிட்டேன்.

"இன்னாங்க?" என்றாள் மனைவி.

"கதண்டு."

எங்கள் பக்கம் கதண்டு என்றால் பெரியவர்களே அரண்டு போவார்கள். விரல் பருமன் இருக்கும் குளவி அது. பனைமரத்திலோ பொந்திலோ கூடு கட்டும். கூட்டைக் கலைத்துவிட்டால் கூட்டமாகத் துரத்தி வந்து கொட்டும். ஆள் செத்துப்போன செய்தியெல்லாம் பேப்பரில் வரும். நான் பார்த்தது அதில் பாதி அளவுகூட இல்லை. ஆனால் ஓடிக்கொண்டே திரும்பிப் பார்த்தவன் கண்ணுக்கு எல்லாமே பெரிதாகத்தான் தெரியும்.

அத்தோடு விட்டிருந்தால் வீட்டோடு போயிருக்கும். எங்கள் தெருவுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. தண்ணீர் வரும் நேரம், கரண்ட் போகும் நேரம் போடுவார்கள். நான் அதில் குரல் பதிவு ஒன்று போட்டேன். செய்தி வாசிப்பவர் மாதிரி தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன். "எல்லாருக்கும் வணக்கம். நம்ம தெருவுக்கு ஒரு ஆபத்து வந்திருக்குது. எங்க வூட்டுக் கொல்லையில கதண்டு பூந்துடுச்சு. ஒண்ணு ரெண்டு இல்ல, கொல்லை பூராவும். புள்ளைங்கள வெளிய வுடாதீங்க. யாரும் பதட்டப்பட வேணாம்."

பதட்டப்பட வேண்டாம் என்று சொன்ன என் குரல் அதில் நடுங்குவது இப்போது கேட்டாலும் தெரியும்.

மறுநாளிலிருந்து எங்கள் வீடு தீண்டாத வீடாகிவிட்டது. பால் ஊற்றும் அக்கா தெருமுனையிலேயே நின்றுகொண்டு, "சொம்ப எடுத்தாந்து வாங்கிக்கங்க" என்று போன் செய்தார். கேஸ்காரர் சிலிண்டரை முனையில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். அதை நான்தான் உருட்டிக்கொண்டு வந்தேன். ஸ்கூல் வேன் எங்கள் தெருவுக்குள் திரும்பவே இல்லை. எதிர் வீட்டு பாய் மட்டும் தைரியமாக வந்து மதிலுக்கு வெளியே நின்றார். மங்கலம்பேட்டைக்காரர், பல வருஷம் குவைத்தில் இருந்துவிட்டுத் திரும்பி இங்கே வீடு கட்டியவர். ஆள் ஆறடி. எதற்கும் இறங்கி வேலை செய்கிறவர்.

"அண்ணே, கவலைய வுடுங்க. பெட்ரோல ஊத்திப் பொசுக்கிடலாம். ரெண்டு பேரைக் கூட்டிக்கிட்டு நானே வரேன்."

"அவசரப்படாதீங்க பாய், சுவரு வீணாப் போயிடப் போவுது" என்றேன். பூச்சியின் மேல் இரக்கம் ஒன்றுமில்லை. பெயிண்ட் அடித்த சுவர் கரியாகுமே என்கிற கவலை.

இதற்கிடையில் கழிப்பறைக்குப் போக ஒரு வழி கண்டுபிடித்திருந்தேன். வெயில் ஏறியபின்தான் அவை வெளியே வரும் என்று கவனித்து, வெயிலுக்கு முன்பே போய்வந்துவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை அசந்து தூங்கிவிட்டேன். எழுந்து ஓடி, உள்ளே போய் உட்கார்ந்து, கையில் கொண்டுபோன போனில் ஏதோ வீடியோ பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே ரீங்காரம் கேட்டது. தகரக் கதவின் சந்து வழியாகப் பார்த்தேன். வெயில் வந்துவிட்டது. கொல்லை முழுக்க அவை பறந்துகொண்டிருந்தன.

மனைவிக்குப் போன் செய்தேன். பின்வாசலில் நின்றபடி எடுத்தாள்.

"இன்னும் இன்னா பண்றீங்க உள்ள?"

"வெளிய வர முடியல. சுத்தி வளைச்சிடுச்சு."

"அது அதும் பாட்டுக்குப் பறக்குது. நீங்க பாட்டுக்கு வாங்க."

"நீ வெளிய வராத. கதவ சாத்து."

அவள் போனை வைத்துவிட்டாள். கைவிட்டுவிட்டாள் என்றே நினைத்தேன். எனக்கு வேறு வழியில்லை, சந்து வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்தப் பூச்சிகளை நிதானமாகப் பார்த்தது அன்றுதான். தைரியத்தால் பார்த்ததல்ல, அடைபட்டுக் கிடந்ததால் பார்த்தது. கதண்டு என்றால் எல்லாம் ஒரே வாசலில் நுழைந்து வெளிவரும். இவற்றில் ஒவ்வொன்றும் தனித்தனி ஓட்டைக்குப் போனது. ஒன்று வந்து தன் ஓட்டையைத் தேடி, அடுத்ததில் தப்பாகத் தலையை விட்டு, உள்ளே இருந்தது முட்டித் தள்ளியதும் பின்வாங்கிப் பக்கத்து ஓட்டைக்குள் போயிற்று. கால்களில் மஞ்சளாக மகரந்தம் அப்பியிருந்தது. மார்பில் பழுப்பு ரோமம். கரிய வயிற்றில் நீலப் பட்டைகள். வெயிலில் அந்த நீலம் மினுங்கியது. கம்பெனியில் பொம்மைகளுக்குப் பூசும் பளபளப்பான நீலம் ஒன்று உண்டு, ஏறக்குறைய அது. கதண்டுக்கு நீலம் ஏது என்று முதல் தடவையாக ஒரு சந்தேகம் வந்தது.

அப்போது பின்வாசல் திறந்தது. மனைவி ஒரு கையில் டீ டம்ளரோடு, அவ்வளவு பூச்சிகளுக்கும் நடுவே நடந்து வந்தாள். புடவைத் தலைப்பைக்கூடப் போர்த்திக்கொள்ளவில்லை. கதவுக்கு மேலே டம்ளரை நீட்டினாள்.

"கதண்டா இருந்தா என்னை இந்நேரம் சும்மா வுட்டிருக்குமா? குடிச்சிட்டு வெளிய வாங்க."

கழிப்பறையில் நின்றுகொண்டு டீ குடித்தவன் என்று சொல்லிக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் குடித்தேன். பிறகு அவள் பின்னாலேயே, அவள் தோளுக்குக் கீழே குனிந்தபடி, வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

போனில் படமெடுத்து, கோயம்புத்தூரில் படிக்கும் மகளுக்கு அனுப்பினேன். முதலில் அனுப்பிய படங்களில் என் கட்டைவிரல்தான் இருந்தது. மனைவி எடுத்தது தெளிவாக விழுந்தது. மகளோடு ஹாஸ்டலில் இருக்கும் பெண் விவசாயம் படிக்கிறாள். அவளிடம் காட்டிவிட்டு மகள் கூப்பிட்டாள்.

"அப்பா, அது கதண்டு இல்லப்பா. தேனீல ஒரு வகை. நீலப்பட்டைத் தேனீயாம். கூட்டமா ஒரே கூட்டுல இருக்காதாம், ஒவ்வொரு பொம்பளத் தேனீயும் தனியா வூடு தோண்டி முட்டை வைக்குமாம். கையில புடிச்சு அழுத்தினாலோ மிதிச்சாலோதான் கொட்டும். துரத்தி வந்து கொட்டாது. கொஞ்ச வாரத்துல அதுவே போயிடும். ஒண்ணும் பண்ணாதீங்க."

"ஆனா இங்க ஏம்மா வந்துச்சு?"

"நல்லாக் காஞ்ச மொட்டைத் தரையாப் பாத்துதான் வருமாம். நீங்கதான் இடிச்சு இடிச்சு வெச்சிருக்கீங்களே."

"ஆம்பளத் தேனீக்கு இன்னா வேலையாம்?" என்று குறுக்கே கேட்டாள் மனைவி.

"ஒரு வேலையும் கிடையாதும்மா. வூடும் கிடையாது. சாயங்காலமானா எதாவது குச்சியில தொத்திக்கிட்டுத் தூங்குமாம்."

மனைவி என்னைப் பார்த்தாள்.

உடனே குழுவில் இன்னொரு குரல் பதிவு போட்டேன். அது கதண்டு அல்ல, சாது, பயப்பட ஒன்றுமில்லை என்று விளக்கினேன். ஒருவரும் நம்பவில்லை. பாய் நேரிலேயே வந்துவிட்டார். அவர் போனில் என் முதல் பதிவை எனக்கே போட்டுக் காட்டினார். 'ஒண்ணு ரெண்டு இல்ல, கொல்லை பூராவும்' என்று போனுக்குள்ளிருந்து நான் தெருவுக்கே கேட்கும்படி அலறினேன்.

"அண்ணே, அன்னிக்குக் கதண்டுனு சொன்னதும் நீங்க. இன்னிக்குச் சாதுனு சொல்றதும் நீங்க. எந்த அண்ணன நாங்க நம்புறது?"

"பாய், வேணும்னா நாளைக்குக் காலையில அதுங்க நடுவுல நானே உக்காந்து காட்டுறேன். எல்லாரையும் வந்து பாக்கச் சொல்லுங்க."

எந்த தைரியத்தில் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை புரியவில்லை. வாய் தானாகப் பேசிவிட்டது.

மறுநாள் கம்பெனிக்குத் தாமதமாக வருவதாகச் சொல்லிவிட்டு, முழுக்கைச் சட்டையும் லுங்கியுமாகக் கொல்லையில் இறங்கினேன். மதிலுக்கு அந்தப் பக்கம் தெருவே நின்றது. பிளாஸ்டிக் நாற்காலியை நடுவில் போட்டு உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, நாற்காலிக் கால்கள் சில வாசல்களை அடைத்துக்கொண்டிருந்தன. வெளியே போய் வந்த தேனீக்கள் வீட்டைக் காணாமல் என் முகத்தைச் சுற்றி வட்டமிட்டன. ஒன்று மூக்குக்கு எதிரே நின்றபடி பறந்து, இது என்ன புதுச் சுவர் என்பது போலப் பார்த்தது. நான் புன்னகைத்துக்கொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன். மனைவி பிறகு சொன்னதன்படி, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"பாத்தீங்களா பாய்? ஒண்ணும் பண்ணல" என்று சத்தமாகச் சொன்னேன். அப்போது தொடையில் சுருக்கென்றது.

அதற்குப் பிறகு நடந்ததை நான் வரிசையாகச் சொல்ல முடியாது. நாற்காலி ஒரு பக்கம் போனது. "கொட்டிடுச்சு, கொட்டிடுச்சு" என்று நான் கத்திக்கொண்டு ஓடினேன். மதிலுக்கு அப்பால் அதைவிட வேகமாகத் தெரு ஓடியது. செருப்புகள் மட்டும் கிடந்தன. மனைவி என்னைப் பிடித்து நிறுத்தி, லுங்கி மடிப்பிலிருந்து எதையோ விரலால் எடுத்துக் காட்டினாள். கட்டெறும்பு.

"எறும்புங்க, வெறும் எறும்பு" என்று வாசலுக்குப் போய்க் கூவினேன். கேட்பதற்கு அங்கே யாருமில்லை. சற்றுப் பொறுத்து பாய் மட்டும் தன் ஜன்னலைக் கொஞ்சமாகத் திறந்தார். "சாயங்காலம் பெட்ரோலோட வரேண்ணே. ரெடியா இருங்க."

அன்று முழுக்கக் கம்பெனியில் எனக்கு வேலை ஓடவில்லை. நல்ல கட்டைகளையும் கழித்துப் போட்டேன். விசித்திரம் என்னவென்றால், அவற்றை விரட்ட வேண்டும் என்று தெருவைத் திரட்டியவன் நான். இப்போது அவை எரியப்போகின்றன என்று நினைத்து மணியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்தத் தேனீ பக்கத்து வீட்டுக்குள் தப்பாகத் தலையை நுழைத்துத் திட்டு வாங்கியது திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. நானும் ஒருநாள் வேறு கம்பெனி பஸ்ஸில் தப்பாக ஏறி, திட்டு வாங்கி இறங்கியவன்தான்.

பொழுது சாயும் நேரத்தில் பாய் கேனோடு வந்தார். துணைக்கு வருவதாகச் சொன்ன இருவரும் மதிலோடு நின்றுவிட்டார்கள். தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு பாய் உள்ளே வந்தார். தரையில் ஒரு சத்தமும் இல்லை, ஓட்டைகள் மட்டும். நான் ஏதாவது பேசி நேரம் கடத்தலாம் என்று வாயைத் திறப்பதற்குள் அவர் சுவரோரம் பார்த்து நின்றுவிட்டார். அங்கே நான் இடிக்காமல் விட்ட ஓரத்தில் என் மனைவி போட்ட துவரைச் செடிகளில் ஒன்று காய்ந்து குச்சியாக நின்றது. அந்தக் குச்சியில் நீலப்பட்டைக்காரர்கள் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தார்கள். வாயால் குச்சியைக் கவ்விப் பிடித்து, காலை மடக்கிக்கொண்டு, ஒன்றுக்குமேல் ஒன்றாக.

"இதுங்க இன்னா பண்ணுதுங்க?" பாயின் குரல் தானாகத் தணிந்தது.

"தூங்குதுங்க" என்றாள் மனைவி.

அவர் கேனைக் கீழே வைத்தார். நான் தடுப்பதற்குள் ஒன்றின் முதுகை விரல் நுனியால் லேசாகத் தொட்டார். அது ஒரு காலை மட்டும் தூக்கி, போ என்பது போல ஆட்டியது. மறுபடி மடக்கிக்கொண்டது.

பாய் வெகுநேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். "குவைத்துல எங்க ரூமு இப்படித்தாண்ணே இருக்கும். மேல ஒருத்தன், கீழ ஒருத்தன். டியூட்டி முடிஞ்சு வந்தா சட்டையக்கூடக் கழட்ட மாட்டோம், அப்படியே தொங்கிடுவோம். பாவம், நாள் பூரா உழைச்சிட்டு வந்து தூங்குதுங்க."

ஆண் தேனீக்கு ஒரு வேலையும் கிடையாது என்று மகள் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருந்தது. மனைவிக்கும் இருந்தது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பினாள். நான் குனிந்து கேனின் மூடியை இறுக்கினேன்.

"சரி. தூங்குறதுங்களப் பொசுக்க என் மனசு கேக்கல. இருந்துட்டுப் போவட்டும். ஆனா ஒருத்தர ஒண்ணு கொட்டுச்சுன்னாலும் அன்னிக்கே முடிச்சிடுவேன். உங்க பொறுப்புண்ணே."

"என் பொறுப்பு பாய்."

அப்படித்தான் நான் காவல்காரன் ஆனேன். கொல்லையைச் சுற்றிக் கயிறு கட்டி அதில் பழைய துணிகளைத் தொங்கவிட்டேன். பின்வாசலிலிருந்து கழிப்பறை வரைக்கும் ஓட்டைகள் இல்லாத ஓரமாகச் செங்கல் பதித்து ஒரு பாதை போட்டேன். பாத்திரம் கழுவிய தண்ணீரை அந்தப் பக்கம் ஊற்றக் கூடாது என்று சட்டம் போட்டேன். பெருக்குவதை நிறுத்தினேன். ஆடு வந்தால் விரட்டினேன். பால் ஊற்றும் அக்கா மெல்ல வாசல்வரை வர ஆரம்பித்தார். "உங்க வூட்டுப் பூச்சிங்க நல்லா இருக்குதுங்களா?" என்று கேட்டுக்கொண்டே ஊற்றுவார். அதே சுவரோரத்தில் மனைவி வைத்திருந்த கத்தரிச் செடிகளில் அவை பூவைக் கட்டிப்பிடித்து உடம்பை உதறும்போது எழும் கூர்மையான சத்தம் வீட்டுக்குள்ளேயே கேட்கும். அந்த வருஷம் காய் நிறைய பிடித்தது என்று அவள் சொல்கிறாள். நான் கத்தரிக்காய் சாப்பிடுவதில்லை, அதனால் அதில் கருத்துச் சொல்ல மாட்டேன்.

மாசி நடுவில் ஒருநாள் பொறுப்பு என் காலைப் பதம் பார்த்தது. கயிற்றில் அவிழ்ந்த துணியைக் கட்டலாம் என்று வெறுங்காலோடு செங்கல் பாதையைவிட்டு இறங்கினேன். உள்ளங்காலில் கொட்டிவிட்டது. தப்பு என்னுடையது, மிதித்தவன் நான். வலி அப்படியொன்றும் பெரிதில்லை. ஆனால் கத்த முடியாது, பக்கச் சந்துக்கு நேர் எதிரே பாய் தன் வாசலில் வண்டி துடைத்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒன்றும் காட்டாமல் நொண்டிக்கொண்டே உள்ளே போகப் பார்த்தேன்.

"இன்னாண்ணே காலு?"

"பிசகிடுச்சு பாய். செங்கல்ல."

அவர் உடனே வீட்டுக்குள் போய், குவைத்திலிருந்து கொண்டுவந்த தைலத்தை எடுத்து வந்தார். என்னை உட்கார வைத்து, கணுக்காலைப் பிடித்து இழுத்து, நரம்பை நீவுகிறேன் என்று நீவினார். கொட்டு வாங்கியபோது வராத கண்ணீர் அப்போது வந்தது. "அழுவாதீங்கண்ணே, இப்ப விட்டுடும்" என்று தேற்றினார். மனைவி கதவோரம் நின்று சேலைத் தலைப்பை வாயில் வைத்து அடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும். பாய்க்கு இன்றுவரை தெரியாது.

பங்குனி பிறந்தபோது பறப்பவை குறைந்தன. பிறகு ஒருநாள் ஒன்றுமே வரவில்லை. ஓட்டைகளின் வாயை மண் மூடியிருந்தது. உள்ளே முட்டைகள் வளர்ந்து அடுத்த பருவத்துக்கு வெளியே வரும் என்று மகள் சொன்னாள். நான் பின்வாசலை ஒட்டிய பாதியில் அருகம்புல் நட்டேன். புல் மூடிய இடத்தில் அவை தோண்டுவதில்லையாம், நடமாட்டத்துக்கு அது போதும். மறு பாதியை அப்படியே மொட்டையாக விட்டுவிட்டேன். பாம்புக்குப் பயந்தவன் தன் கையாலேயே புல் நட்டுத் தண்ணீர் ஊற்றியதை மனைவி மகளுக்கு வீடியோ எடுத்து அனுப்பினாள்.

அந்தக் கோடையில் பாய் மாடி எடுக்க ஆரம்பித்தார். மணல் ஏற்றி வந்த லாரி அவர் வாசலில் திரும்ப இடமில்லாமல், எங்கள் கொல்லைக்குள் மதில் இல்லாத பக்கமாகப் பின்னோக்கி வந்து கொட்டப் பார்த்தது. நான் சாப்பாட்டுக் கையோடு ஓடிப்போய் லாரிக்குப் பின்னால் கையை விரித்து நின்றேன்.

"நிறுத்துங்க, நிறுத்துங்க. இங்க கொட்டக் கூடாது."

டிரைவர் தலையை நீட்டினார். "வெறும் மண்ணுதான சார் இருக்குது. இன்னா பொதைச்சு வெச்சிருக்கீங்க?"

நான் அது தேனீ வகை, மண்ணுக்குள் குஞ்சு இருக்கிறது, கனம் ஏறினால் மூச்சு முட்டிச் செத்துவிடும் என்று சோற்றுக் கையை ஆட்டி ஆட்டி விளக்கினேன். கதண்டுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தையும் சேர்த்துச் சொன்னேன். அவர் இன்ஜினை அணைத்துவிட்டு முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"சார் பூச்சி டாக்டருங்களா?"

தன் வீட்டு மாடிப்படியில் நின்றிருந்த பாய் எனக்கு முன்னால் முந்திக்கொண்டார். "ஆமா, பெரிய டாக்டரு. அவரு சொல்றபடி கேளுங்க."

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்து, லாரி திரும்பிப் போகும்வரை அங்கேயே நின்றேன்.